கார்டுக்கும் வரிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சொந்தத் தொழில் பார்க்கிற அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும்,



நாலு தறி போட்டுக் கூலிக்குச் சேலை ஓட்டுகிறவர், பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், விடியுமுன் மார்க்கெட்டில் மல்லிகை எடுத்துக் கட்டி விற்கிற அக்கா, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை ஏலத்தில் எடுத்துக் கரிமூட்டம் போடுகிறவர், ஒற்றை லாரியைத் தானே ஓட்டி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வாடகைக்குப் போகிறவர், திருச்சுழிக் கண்மாய்ப் பாசனத்தையும் மானத்தையும் நம்பிக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர், எல்லோருக்குமாகத்தான் இந்த மடல். உங்களுக்கு மேலே முதலாளி கிடையாது. அதனால் மாதம் பிறந்தால் சம்பளம் போடவும் ஆளில்லை, படுத்துவிட்டால் செலவில் பங்கு தரவும் ஆளில்லை.

நம் ஊர் மில்லில் வேலை பார்க்கிறவருடைய நிலைமை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் அவர் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். அவருக்கும் வீட்டாருக்கும் வைத்தியம் அதில் நடக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் ஒரு தொகை வருகிறது. அதே தெருவில் சொந்தத் தறி வைத்திருக்கிறவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. நோயும் அவருடையது, செலவும் அவருடையது, ஓடாத தறியின் நட்டமும் அவருடையது.

ஒவ்வொரு மார்ச் மாதமும் கடைகளுக்கு வருகிற ஏஜென்ட்டுகள், "ஹெல்த் பாலிசி எடுங்க அண்ணாச்சி, 25,000 ரூபாய்க்கு வரி விலக்கு இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அந்த வரி விலக்கு ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தாது. இதைச் சொல்வதால் பாலிசி வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. பாலிசி கட்டாயம் வேண்டும். வரிக்காக எடுத்தவர் வரி மிச்சமாகவில்லை என்று தெரிந்ததும் இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார். மூன்றாம் வருடம் நெஞ்சு வலிக்கிறது. இந்த வரிசை நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதை நிறுத்தவே எழுதுகிறேன்.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு என்று நமக்குப் பழகிய சலுகை இது. உங்களுக்கும் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டுகிற மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். குடும்பத்தில் 60 வயதைத் தாண்டியவர் இருந்தால் அது 50,000. அப்பா அம்மாவுக்குத் தனியாகக் கட்டினால் இன்னொரு 25,000. அவர்கள் 60 தாண்டியவர்கள் என்றால் 50,000. மாமனார் மாமியாருக்கு இது செல்லாது, கூடப்பிறந்தவர்களுக்கும் செல்லாது. முன்கூட்டியே நோயறியச் செய்யும் பரிசோதனைக்கு 5,000 வரை இந்த வரம்புக்குள்ளேயே காட்டலாம், அதை மட்டும் ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. செக், கார்டு, யு.பி.ஐ. வழியாகத்தான் கட்ட வேண்டும். 60 தாண்டிய பெற்றோருக்குப் பாலிசியே இல்லை என்றால், அவர்களுக்காக வங்கி வழியாகச் செய்த வைத்தியச் செலவையே 50,000 வரை காட்டலாம். 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு என்பதால் 80டி என்ற பேச்சும் மெல்ல மறையும்.

இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது. 2023-24 முதல் புதிய முறைதான் தானாக வருகிற முறை. பழையதுதான் வேண்டும் என்று தொழில் வருமானம் உள்ளவர் தனிப் படிவம் கொடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிப் போனவர் ஒருமுறை புதியதுக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. சம்பளக்காரர் வருடத்துக்கு வருடம் மாற்றிக்கொள்ளலாம், சொந்தத் தொழில்காரருக்கு அந்த வசதி இல்லை. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதில்லை.

2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. இதை நம் கடைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2 கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும் என்று 44ஏடி என நமக்குப் பழகிய பிரிவு சொல்கிறது. வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். ஆக, ஒன்றரைக் கோடி விற்றுமுதல் உள்ள மளிகைக்கடை 8 சதவீதம் காட்டினால் வருமானம் 12 லட்சம். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? நாலு தறிக்காரரும் பூக்கட்டும் அக்காவும் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறார்கள். திருச்சுழி விவசாயிக்கு விவசாய வருமானத்தில் வரியே கிடையாது என்பதால் 80டி அவர் வாசல் பக்கமே வராது.

கொஞ்சம் வசதியானவரையும் பார்க்கலாம். கமிஷன் கடை வைத்து ஆண்டுக்கு 15 லட்சம் லாபம் காட்டுகிறவர் புதிய முறையில் கட்ட வேண்டியது, செஸ் சேர்த்து, 1,09,200 ரூபாய். பழைய முறையில் எல்.ஐ.சி., பி.பி.எஃப். என்று ஒன்றரை லட்சம், தனக்கும் வயதான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000 என்று முழுசாகக் கழித்தாலும் வரி செஸ் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டுக் கடன் வட்டி போன்ற பெரிய கழிவு இல்லாவிட்டால் அவருக்கும் 80டி ஏட்டுச் சுரைக்காய்தான். இத்தனை வருடமாகச் சொந்தத் தொழில்காரரின் உடம்புக்கு அரசு நேரடியாகக் கொடுத்துவந்த ஒரே தூண்டுதல் இந்தச் சலுகை. அது நம் வட்டாரத்தில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடினால் விரல்விட்டு எண்ணுகிற பேர்தான் இருப்பார்கள்.

இன்னொரு பக்கம் முதலமைச்சர் காப்பீட்டு கார்டு. 2009 ஜூலை 23இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஏழைக் குடும்பங்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிற நல்ல திட்டம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய். தறி ஓட்டுகிற வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறார்கள். நியாயமாக வருமானச் சான்று வாங்கப் போனால் கார்டு கிடையாது. குறைத்துச் சொல்லி வாங்கினால் பிறகு வங்கிக் கடன் கேட்கும்போது அதே குறைந்த வருமானம் குறுக்கே நிற்கிறது.

ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேலே இருப்பவருக்குக் கார்டு இல்லை. பன்னிரண்டு லட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கு வரிச் சலுகையால் பயன் இல்லை. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் அருப்புக்கோட்டை பஜாரும் தறித்தெருக்களும் கிட்டத்தட்ட முழுசாக இருக்கின்றன. நாடு முழுக்க இப்படித்தான். மருத்துவச் செலவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத நடுத்தட்டு மக்கள் ஏறக்குறைய 40 கோடிப் பேர், மக்கள்தொகையில் 30 சதவீதம் என்று நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை கணக்குச் சொன்னது. அந்த 40 கோடியில் நாமும் அடக்கம்.

இந்த நடுவாந்திரத்து ஆளுக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரி 12இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது. போகக் கூசவேண்டிய இடங்கள் அல்ல அவை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டார் பதறிக்கொண்டு மதுரையில் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட், ஐ.சி.யூ. என்று பில் ஏறுகிறது. முதல் நாள் நகை அடகுக்குப் போகிறது. மூன்றாம் நாள் வட்டிக்கு வாங்குகிறார்கள். பிறகு ஒரு தறி விலைக்குப் போகிறது. நோயாளி பிழைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார், தொழில்தான் பிழைப்பதில்லை. வியாபாரம் நொடித்துப்போன குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். சரக்கில் நட்டப்பட்டவர்களுக்குச் சமமாக ஆஸ்பத்திரியில் நட்டப்பட்டவர்கள் இருப்பார்கள்.

ஆகவே பாலிசியை வரிக் கணக்கிலிருந்து எடுத்துத் தொழில் செலவுக் கணக்கில் எழுதுங்கள். சட்டப்படி உங்கள் சொந்த பிரீமியத்தைத் தொழில் செலவாகக் காட்ட முடியாது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் சொந்தத் தொழில்காரர் தன் குடும்பத்துக் காப்பீட்டு பிரீமியத்தைத் தொழில் லாபத்தின் அளவுவரை அப்படியே கழித்துக்கொள்ளலாம். நம் சட்டம் அந்த வழியைத் தரவில்லை. உங்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு நீங்கள் எடுக்கும் காப்பீடு மட்டும், முழுக் கணக்கு எழுதுகிற தொழிலில், புதிய வரி முறையிலும்கூடச் செலவாக ஏற்கப்படும். நான் சொல்வது உங்கள் மனக்கணக்கை. கரண்டு பில், நூல் பாக்கி, கடை வாடகை மாதிரி தொழில் நடக்கக் கட்டியே தீர வேண்டிய தொகை இது. ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதுவரை 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் வரி கட்டிக்கொண்டிருந்தோம். வரி கட்டாதவருக்கும் கிடைக்கிற சலுகை இது ஒன்றுதான்.

எந்தப் பாலிசி என்று கேட்பீர்கள். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனைகளோடு விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி'யை முதலில் படித்துப் பாருங்கள். நிபந்தனை எல்லா இடத்திலும் ஒன்று என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். அதில் ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதம் நம் கைப்பணம். அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. ஐ.சி.யூ.வுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. கண்புரைக்குத் தனி வரம்பு.

அந்த அறை வாடகை வரம்பில்தான் நம்மவர்கள் அதிகமாகச் சிக்குகிறார்கள். நாளுக்கு 5,000 வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், கையிலிருந்து 3,000 கூடக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், நர்ஸ் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத்தான் தருவார்கள். அந்தக் கட்டணங்கள் 1,60,000 என்றால் ஒரு லட்சம்தான் வரும். அட்மிஷன் கவுன்டரிலேயே, "எங்க பாலிசிக்கு எவ்வளவு ரூம் ஒத்துக்கும்?" என்று கேட்டு அறை எடுங்கள். ஏ.சி. இருந்தால் கொஞ்சம் நன்றாயிருக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அது மரியாதைப் பிரச்சினையாகவும் ஆகிவிடும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சுகரையும் பிரஷரையும் மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் குறையும் என்று பாரத்தை நிரப்புகிறவர் சொல்லலாம், அதற்குத் தலையாட்டாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 3 வருடம். முன்பு 4 வருடமாக இருந்தது. விடாமல் 5 வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லிக் கிளைமைத் தள்ள முடியாது. இதுவும் முன்பு 8 வருடமாக இருந்தது. ஆக, சொல்லிவிட்டு எடுத்தால் நாலாம் வருடம் சுகரால் வரும் சிறுநீரகக் கோளாறுக்கும் பணம் வரும். சொல்லாமல் எடுத்தால் இரண்டாம் வருடம் வேறு வியாதிக்குப் படுத்தாலும், கேஸ் ஷீட்டில் 'பத்து வருடமாகச் சுகர்' என்று டாக்டர் எழுதிய ஒரே வரியை வைத்துப் பாலிசியையே ரத்துசெய்யலாம். பாரத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்துப் போடுமுன் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிளைமைத் தள்ளிவிட்டால் அதோடு விட்டுவிடுகிறோம். "பெரிய கம்பெனிக்காரன், நாம என்ன பண்ண முடியும்" என்கிறோம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இனி சேமிப்பு. பாலிசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. படுக்கையில் சேராமல் செய்யும் வைத்தியம், மாத்திரை, பல், கண்ணாடி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கார் வாடகை, தறி ஓடாத நாட்களின் வீட்டுச் செலவு, எல்லாம் நம் பையிலிருந்துதான். அமெரிக்காவில் இதற்கென்றே 2004 ஜனவரி முதல் மருத்துவச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று நடக்கிறது. முதல் கட்டச் செலவை நாமே ஏற்கிற வகையான பாலிசி எடுத்தவர் அதில் பணம் போட்டால் போடும்போதும் வரி இல்லை, வளரும்போதும் வரி இல்லை, வைத்தியத்துக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. வரி கட்டுகிற நாட்டில் வரி கட்டுகிறவர்களுக்கான ஏற்பாடு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் 12 லட்சத்துக்குக் கீழே உள்ள நமக்கு 80டி மாதிரியேதான் ஆகும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் சிங்கப்பூர். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே போய் உழைத்திருக்கிறார்கள். 1984இல் அந்த நாடு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைக் கொண்டுவந்தது. சிராங்கூன் சாலையில் சொந்தக் கடை வைத்திருக்கிற குடிமகனும் நிரந்தரவாசியும் வருடத்தில் 6,000 வெள்ளிக்கு மேல் தொழில் வருமானம் பார்த்தால், வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்ற ஒரு பங்கை அதில் கட்டியே ஆக வேண்டும். வைத்தியத்துக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும் அந்தப் பணத்தை எடுக்கலாம். 'முதலாளி இல்லாதவன்தான், ஆனாலும் ஆஸ்பத்திரிப் பணம் இல்லாதவனாக இருக்கக் கூடாது' என்பது அதன் ஏற்பாடு. ஒர்க் பர்மிட்டில் போன நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மைக் கட்டச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டும். கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலக்காத தனிக் கணக்கு ஒன்று, அதற்கு ஏ.டி.எம். கார்டு வாங்காமல். தொழிலில் வரவு சமமாக இருப்பதில்லை. மாதாமாதம் ஒரே தொகை கட்டு என்று சொன்னால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். மல்லிகைக்காரருக்கு மார்கழி, தையில் விலை ஏறும். தறிக்காரருக்குத் தீபாவளிக்கு முன்னால் ஓட்டம். விவசாயிக்கு அறுப்பு முடிந்த பிறகுதான் கையில் காசு. அந்தந்த மாதத்தில் பெரிய தொகையைப் போட்டுவிட்டு மற்ற மாதங்களில் இருந்தால் போடலாம். தொடர் வைப்பு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம் என்றாலும் 3 வருடத்துக்கு முன் உடைக்க முடியாது, வங்கியில் வட்டியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கென்று வைக்கிற பணத்துக்கு வங்கியே சரி. ஏலச்சீட்டை இதற்கு நம்பாதீர்கள். சீட்டு கைக்கு வருகிற மாதமும் நோய் வருகிற மாதமும் ஒன்றாக அமைவது நம் கையில் இல்லை.

கணக்கில் இரண்டு மூன்று லட்சம் சேர்ந்த பிறகு 'சூப்பர் டாப்-அப்' என்ற வகைப் பாலிசியைப் பாருங்கள். முதல் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ நம் பொறுப்பு, அதற்கு மேலே வருவது கம்பெனி பொறுப்பு. சின்னச் செலவு அதில் வராததால் பிரீமியம் குறைவு. வெறும் 'டாப்-அப்' வாங்காதீர்கள். அதில் ஒவ்வொரு முறை படுக்கும்போதும் அந்த வரம்பைத் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் வருடம் முழுக்க ஆன செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். டயாலிசிஸ், கீமோ போலத் திரும்பத் திரும்பப் போக வேண்டிய வைத்தியத்தில் இந்த வித்தியாசம் லட்சக்கணக்கில் வரும்.

இதுவரை தனித்தனி வீட்டுக் கணக்கு. ஆனால் தனித்தனியாகச் சமாளிக்கிற பழக்கம் இந்த ஊருக்கு உரியதல்ல. பழைய இராமநாதபுரம் பக்கத்து நாடார் வணிகர்கள் நிலைகொண்ட ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் உண்டு. பேட்டைக்கு வந்து இறங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும், விற்ற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சின்னத் தொகையை மகமை என்று எடுத்து வைத்தார்கள். சமூகத்தாரின் சங்கமான உறவின்முறை அதை நிர்வாகம் செய்தது. 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில்தான் எழுந்தது. அருப்புக்கோட்டையில் சைவபானு சத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கல்லூரியும் அரசு கட்டிக்கொடுத்தவை அல்ல, சமூகங்கள் தாமே சேர்ந்து கட்டியவை. கையில் காசு பெருகிய பிறகு கொடுத்த பணமல்ல மகமை, வியாபாரம் நடக்கும்போதே கழித்த பணம். அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதே முறையை இப்போது உடம்புக்குச் செய்ய வேண்டும், சாதி வரம்பைத் தாண்டி, தொழிலை வைத்து.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. காப்பீட்டுக்காகவே புதிதாக ஒரு குழு சேர்த்தால் குழுக் காப்பீடு தரமாட்டார்கள். வேறு நோக்கத்துக்காக ஏற்கெனவே இயங்கிவரும் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் குழுக் காப்பீடு எடுக்கலாம். வணிகர் சங்கம், விசைத்தறியாளர் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், லாரி உரிமையாளர் சங்கம், பூ வியாபாரிகள் சங்கம், எல்லாம் தகுதி உள்ளவைதான். ஆள் கூடக் கூடப் பேரம் பேசும் பலம் கூடும். காத்திருப்புக் காலத்தைக் குறைத்தோ நீக்கியோ கேட்கலாம். தனியாகப் போனால் சுகரைக் காட்டித் திருப்பி அனுப்புகிற கம்பெனி முந்நூறு பேர் சேர்ந்து போனால் உட்கார வைத்துப் பேசும்.

கர்நாடகத்தில் 2003இல் இப்படித்தான் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கு யசஸ்வினி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதய மருத்துவர் தேவி ஷெட்டியின் யோசனை அது. உறுப்பினர் மாதம் 5 ரூபாய், வருடம் 60 ரூபாய் கட்டினார், அரசும் ஒரு பங்கு போட்டது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 2018இல் நின்றுபோன திட்டத்தை 2022இல் அரசு மறுபடி தொடங்கியது, நின்றபோது கேட்க ஆள் இருந்ததால். நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கட்டமைப்பு அதற்குக் குறைந்ததல்ல.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது, அதை இனாமாகக் கேட்க வேண்டியதில்லை. ராஜஸ்தானில் 2021 மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பட்டியலில் வராத குடும்பம் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டி ஏழைக்குக் கிடைக்கிற அதே பாதுகாப்பைப் பெற்றது. ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 5 லட்சமாக இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏன் 1,20,000? நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும்: அந்த வரம்புக்கு மேலே உள்ள சொந்தத் தொழில் குடும்பங்கள் நியாயமான பிரீமியத்தைக் கட்டி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வழி வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தறிக்காரர்கள் கேட்டுத்தான் கிடைத்தது. தறிக்குக் கேட்டவர்கள் தறி ஓட்டுகிற ஆளுக்கும் கேட்க வேண்டும்.

தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ரோடும் தண்ணீரும் பேசுவார்கள். "கார்டு இல்லாத, வரி கட்டாத எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு என்ன வழி?" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது கேளுங்கள்.

சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பொருளை அஜெண்டாவில் சேருங்கள். உறுப்பினர் பட்டியலை வயதோடும் குடும்ப எண்ணிக்கையோடும் எழுதித் தயாராக வைத்து, குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் குழுக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். முதலமைச்சர் திட்டத்தில் கட்டணம் கட்டிச் சேர வழி கேட்டு ஒரு தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். தீபாவளிக்கு முன் இந்த வேலை முடிந்தால், ஓட்டம் நன்றாக இருக்கிற மாதத்திலேயே முதல் பிரீமியத்தைக் கட்டிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்